6 பிபிசி (6 PPC) பிராஸ் வாங்குகிறவர்கள் கீழ்ப்பெட்டியையும் திறந்து பாருங்கள்

போன வாரம் அதே விளம்பரம் மறுபடி கண்ணில் பட்டது. அதே இரண்டு நீலப் பெட்டிகள், அதே மேசை, அதே வாசகம்: "6 பிபிசி, 100 கேஸ், ஒரே லாட், ஒரே முறை சுட்டது, நெக் 8.5 தவ்வுக்குக் கடைந்தது." பிராஸ், கேஸ் இரண்டுமே தோட்டாவின் பித்தளைக் கூடுதான்; நெக் என்பது அதில் குண்டைப் பிடிக்கும் கழுத்து; லாட் என்பது ஒரே தடவையில் தயாரான தொகுதி; தவ் என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, கோவை லேத் பட்டறைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இந்த விளம்பரத்துக்குத்தான் ஏப்ரலில் 340 டாலர் கொடுத்து ஏமாந்தேன். அமெரிக்காவில் பெஞ்ச்ரெஸ்ட் (துப்பாக்கியை மேசைமேல் தாங்கி வைத்துத் துல்லியமாகச் சுடும் பந்தயம்) சுடும் நம்மாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அந்தச் சிலராவது படித்து வைத்துக்கொள்ளுங்கள்.

புதியவர்களுக்காகக் கொஞ்சம் பின்கதை. 6 பிபிசி என்பது 1970களின் நடுவில் பால்மிசானோ என்ற சர்ஜனும் பிண்டெல் என்ற டூல்-டை கைவினைஞரும் சேர்ந்து உருவாக்கிய தோட்டா. 100, 200 கஜப் பந்தயங்களில் இன்றைக்கும் அதுதான் ராஜா. நம்மைப் போல இறுக்கமான சேம்பர் (பேரலில் தோட்டா உட்காரும் அறை) வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் லபுவா கம்பெனியின் .220 ரஷ்யன் கேஸை வாங்கி, மான்ட்ரல் என்ற உருளையை விட்டு நெக்கை 6 மில்லிமீட்டருக்கு விரித்து, நெக் சுவரைச் சீராகக் கடைந்து, பிறகு சொந்தத் துப்பாக்கியிலேயே சுடுவார்கள். சுடும்போது பித்தளை உப்பிச் சேம்பரின் வடிவத்தை எடுத்துக்கொள்ளும். ஷோல்டர், அதாவது நெக்குக்குக் கீழே சரியும் தோள், 30 டிகிரிக்கு வந்துவிடும்.

இதை நானே செய்திருக்கலாம். ஆனால் பந்தயத் தரத்தில் ஒரு பேரல் ஆயிரம் சொச்சம் குண்டுதான் தாங்கும், அதில் நூறை ஃபார்மிங்குக்கே (இப்படிச் சுட்டு வடிவம் கொண்டுவரவே) செலவழிப்பதா என்று மனசு கணக்குப் போட்டது. கணக்கே தப்பு. பெஞ்ச்ரெஸ்ட்டில் இருபது கேஸ் இருந்தால் போதும், அதையே மேசையில் திரும்பத் திரும்ப நிரப்பி ஒரு வார இறுதியை ஓட்டிவிடலாம். நூறு எனக்கு எதற்கு? பேராசைதான்.

விற்றவர் வேறு மாநிலத்துக்காரர். பேச்சு தேன். எந்த ரீமரில் (சேம்பரைக் குடையும் கருவி) வெட்டிய சேம்பரில் சுட்டது என்று கேட்டேன். "உங்களுடையது மாதிரிதான்" என்று பதில் வந்தது. அங்கேயே விழித்திருக்க வேண்டும். அப்புறம், பணத்தை இணையம் வழியே 'நண்பர், குடும்பம்' வகையில் அனுப்பினால் கட்டணம் மிச்சமாகும் என்றார். பத்து டாலர் மிச்சம் பிடித்தேன். பணத்தைத் திரும்பக் கேட்கிற உரிமை அதோடு போனது.

பெட்டிகள் வந்தன. கேஸ் எல்லாம் புளி போட்டுத் தேய்த்த குத்துவிளக்கு மாதிரி பளபளவென்று இருந்தன. லபுவா கேஸில் நெக்கையும் ஷோல்டரையும் சுற்றி, அனீல் செய்த (சூடேற்றி மென்மையாக்கிய) நீலப் பழுப்புக் கறை இருக்கும், அதை அவர்கள் மெருகேற்றி அழிப்பதில்லை. நெக்கைக் கடைந்திருந்தாலும், ஒருமுறை சுட்ட கேஸில் ஷோல்டரிலாவது அந்தக் கறையும் நெக்கில் கொஞ்சம் கரியும் தெரிய வேண்டும். இதில் இரண்டும் இல்லை. எதை மறைக்க இத்தனை மெருகு என்று அப்போது தோன்றவில்லை. அழகாக இருக்கிறதே என்று மனைவியிடம் வேறு காட்டினேன்.

மேல்பெட்டியிலிருந்து இருபதை எடுத்து நெக் சுவரின் தடிமனை பால் (ball) மைக்ரோமீட்டரில் அளந்தேன். எல்லாம் 8.4, 8.5, 8.6. திருப்தி. கீழ்ப்பெட்டியைத் திறக்கவே இல்லை. தக்காளிக் கூடையில் மேலே நல்லதும் அடியில் அழுகலுமாக அடுக்குகிற வித்தை ஊரில் பார்க்காததா என்ன?

முதல் சனிக்கிழமை சுட்டபோது, போல்ட் (சேம்பரைப் பின்னாலிருந்து மூடும் பூட்டு) கைப்பிடியைத் தூக்கும்போது உச்சியில் ஒரு 'கிளிக்'. கேஸின் அடிப்பாகம் பருத்திருக்கிறது, சுட்ட கேஸை அழுத்திச் சிறிதாக்கும் என் சைஸிங் டை அதை இறுக்கவில்லை என்று அதற்கு அர்த்தம். அதாவது இது என்னுடையதைவிடப் பெரிய சேம்பரில் சுட்ட பிராஸ். இலக்கில் குண்டுகள் விழுந்த கூட்டமும் விரிந்தது. காற்றின் மேல் பழி போட்டேன்.

அடுத்த வாரம் கீழ்ப்பெட்டியிலிருந்து எடுத்தேன். லோடு (மருந்தின் அளவு) மாற்றவில்லை, குண்டும் அதேதான். மூன்றாவது தோட்டாவில் போல்ட் இறுகிக்கொண்டது. கேஸை வெளியே எடுத்தால் பிரைமர் (அடியில் இருக்கும் தீமூட்டி) சப்பட்டையாகிக் கிடந்தது, ஓரத்தைச் சுற்றிக் கரி. பக்கத்து மேசைப் பெரியவர் கேஸை வாங்கி மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். சுடுவதை நிறுத்தச் சொன்னார். பிறகு ஒரு புதுக் குண்டை எடுத்து, சுட்ட அந்த நெக்குக்குள் விட்டுப் பார்க்கச் சொன்னார். சுட்ட நெக்கில் புதுக் குண்டு தடையில்லாமல் வழுக்கி இறங்க வேண்டும். இது வாயிலேயே நின்றுவிட்டது.

வீட்டுக்கு வந்து அளந்தேன். கீழ்ப்பெட்டியில் 50-க்கு 41 கேஸ் 9 தவ்வுக்கு மேல், சில 9.4. தவ் என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, கோவை லேத் பட்டறைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. என் சேம்பரின் நெக் 262 தவ். குண்டு 243. சுவர் 8.5 என்றால் இரண்டு பக்கமும் சேர்த்து 17, மொத்தம் 260. நெக் விரிந்து குண்டை விடுவிக்க இரண்டு தவ் இடம் மிச்சம். சுவர் 9.4 என்றால் மொத்தம் 261.8. நெக் விரிய இடமே இல்லை, அழுத்தம் எகிறும். இதில் கொடுமை என்னவென்றால், 261.8 நெக் 262 சேம்பருக்குள் நல்ல பிள்ளையாகப் போய்விடும். போல்ட் மூடும்போது கைக்கு ஒன்றும் தெரியாது.

கதை அதோடு முடியவில்லை. கம்பியின் நுனியை வளைத்து ஒவ்வொரு கேஸுக்குள்ளும் விட்டு, அடிக்குச் சற்று மேலே சுவரைத் தடவினேன். பதினொன்றில் கம்பி ஒரு பள்ளத்தில் தட்டியது. ஒன்றை நெடுக்காக அறுத்தேன். பள்ளம் இருந்த இடத்தில் சுவர் பாதியாக மெலிந்திருந்தது. ஃபார்ம் செய்யும்போது குண்டு ரைஃப்ளிங்கில் (பேரலின் உள்வரிகளில்) முட்டும்படி உட்கார்த்தி, கேஸின் பின்பக்கம் போல்ட்டோடு ஒட்டி நிற்கச் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் ஊசி அடித்ததும் கேஸ் முன்னே போகும். முன்பாதி சேம்பர் சுவரில் ஒட்டிக்கொள்ள, பின்பாதி இழுபட்டு மெலியும். நாலைந்து முறை ஷோல்டரை அதிகமாகப் பின்தள்ளிச் சுட்டாலும் இதே கதிதான். 23 கேஸில் புதுப் பிரைமர் கட்டைவிரல் அழுத்தத்திலேயே உள்ளே போனது, அதன் குழி அவ்வளவு தளர்ந்திருந்தது. ஒருமுறை சுட்ட பிராஸா இது? சிலவற்றின் அடியில் எழுத்துகள் பாதி தேய்ந்திருந்தன. அழுத்தம் ஏறினால் அங்கே விழும் எஜெக்டர் (கேஸை வெளியே தள்ளும் பாகம்) தடத்தை எமரித் தாளால் தேய்த்து எடுத்திருக்கிறார் என்பது என் முடிவு. எடை போட்டால் கேஸ்கள் இரண்டு கூட்டமாகப் பிரிந்தன. அந்த 'ஒரே லாட்' இதுதான்.

அளவுகளைப் படத்தோடு அனுப்பினேன். முதலில் "என் மைக்ரோமீட்டரில் 8.5 தான்" என்றார். பிறகு உன் சேம்பர்தான் சின்னது என்றார். மூன்றாவது கடிதத்துக்குப் பதிலே இல்லை.

அவசரமாக வாங்கித்தான் தீருவேன் என்பவர்கள் விற்பவரிடம் ரீமர் அளவைக் கேளுங்கள். மெருகேற்றாத, சுட்ட கேஸ் ஒன்றை முதலில் அனுப்பச் சொல்லுங்கள், தயங்கினால் விட்டுவிடுங்கள். வந்ததும் நூறையும் அளந்துவிடுங்கள். நான் இப்போது புதுப் பெட்டி .220 ரஷ்யன் வாங்கி, இருபத்தைந்து மட்டும் ஃபார்ம் செய்துவிட்டேன். பெட்டியின் விலை அவருக்குக் கொடுத்ததில் பாதிகூட இல்லை. வேலை இரண்டு சாயங்காலம்.

பழையதில் தேறியது பதினேழு, எல்லாம் மேல்பெட்டியுடையவை. மீதி 83-ஐயும் யார் கைக்கும் மறுபடி போகாதபடி வைஸில் வைத்து நசுக்கி, பழைய உலோகக் கடையில் போட்டேன். தராசில் ஒரு பவுண்டுக்குச் சற்று மேல் காட்டியது. இரண்டு டாலர் சொச்சம் தந்தார்கள்.