வண்ண முட்டையிடும் கலப்புக் கோழிகள்: நீண்ட நாள் புழக்கத்தில் நிலைத்த அடையாளங்கள்

நீலமும் பச்சையும் இடும் என்று சொல்லி வாங்கும் குஞ்சுகளில் பெரும்பாலானவை ஈஸ்டர் எக்கர் என்ற பொதுப்பெயரில் வரும் கலப்புகள்தான். இவற்றுக்கென்று இனத்தரம் கிடையாது. அதனால் இறகின் நிறத்தைப் பார்த்து முட்டையின் நிறத்தைக் கணிப்பது வீண் வேலை. தலைமுறை தலைமுறையாக வளர்க்கும்போது உறுதியாகக் கைகொடுப்பது உடைத்த ஓடு. அடுத்த இடம் கொண்டைக்கு, அதுவும் பெற்றோர் யாரென்று தெரிந்தால் மட்டும்.

ஓட்டின் கணக்கு இதுதான். நீல நிறமியான பிலிவெர்டின் ஓடு உருவாகும்போதே சுண்ணாம்போடு கலந்து உட்புறம் வரை ஊறிவிடும். பழுப்பு நிறமி பெரும்பாலும் கடைசிச் சில மணி நேரத்தில் மேலே படிவது. நீல ஓட்டின் மேல் பழுப்பு படிந்தால் பச்சை. பழுப்பு அடர்த்தியானால் ஆலிவ். எனவே உடைத்ததும், ஈரம் காயும் முன்பே உள்சவ்வை உரித்துவிட்டு ஓட்டின் உட்புறத்தைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். நீலம் தெரிந்தால் கோழியிடம் நீல மரபணு இருக்கிறது. வெள்ளையாக இருந்தால் இல்லை. அடர் ஆலிவை வெறும் பழுப்பு என்று ஒதுக்கிவிடாமல் காப்பாற்றுவது இந்தச் சோதனைதான். சவ்வை உரிக்காமல் பார்த்தால் வெளிறிய நீலம் வெள்ளையாகவே தெரியும். ரோஜா, ஊதாச் சாயல் முட்டைகளுக்குத் தனி மரபணு எதுவும் இல்லை. வெளிர் பழுப்பின் மேல் காய்ந்த வெளிப்பூச்சு காட்டும் நிறம் அது, கழுவினால் போய்விடும்.

குஞ்சுப் பருவத்திலேயே சொல்ல வேண்டுமானால் கொண்டையைப் பாருங்கள். பட்டாணிக் கொண்டை தாழ்வாக, மூன்று வரிசைச் சிறு முடிச்சுகளாக இருக்கும். கலப்பில் நடு வரிசை சற்று உயரும். இதன் மரபணுவும் நீல முட்டை மரபணுவும் ஒரே குரோமோசோமில் மிக நெருக்கமாக இருப்பதால் பெரும்பாலும் சேர்ந்தே இறங்குகின்றன. நீல முட்டையிடும் பட்டாணிக் கொண்டை இனமான அமெராகானா வழிக் கலப்பை ஒற்றைக் கொண்டைக் கோழியோடு சேர்த்தால், குஞ்சுகளில் பட்டாணிக் கொண்டையுள்ள பெட்டைகளைத் தைரியமாக வைத்துக்கொள்ளலாம்.

இது தலைகீழாகும் இடம் நீல முட்டையிடும் இன்னொரு இனமான கிரீம் லெக்பார். அங்கே நீலம் ஒற்றைக் கொண்டையோடு பிணைந்து வருகிறது. தலை உச்சியில் இறகுக் குடுமி இருந்தால் லெக்பார் இரத்தத்தைச் சந்தேகிக்கலாம். பிரம்மா இனத்துக்கும் பட்டாணிக் கொண்டை உண்டு, ஆனால் முட்டை பழுப்பு. ஆகவே பெற்றோர் தெரியாத குஞ்சிடம் கொண்டையைப் பார்த்து வாக்குக் கொடுக்க வேண்டாம்.

தாடி, கன்ன இறகு, சாம்பல் நீலக் கால் மூன்றும் அமெராகானா வழியைக் காட்டும், அவ்வளவே. அவை நீல மரபணுவோடு சேர்ந்து வருவதில்லை. தாடியோடு பழுப்பு முட்டையிடும் பெட்டைகள் ஏராளம். காது மடலின் நிறமும் கலப்பில் உதவாது.

எந்தக் கோழி எந்த முட்டை என்று பிரிக்க, கெட்டியான ஜெல் வகை உணவு நிறமியைப் பஞ்சுக் குச்சியால் எச்சத்துளையைச் சுற்றித் தடவுங்கள், இரவு அடைந்த பிறகு. ஒரு கோழிக்கு ஒரு நிறம். ஈர முட்டை வெளிவரும்போது கோடு விழும். சிவப்பைத் தவிர்ப்பது நல்லது, மற்றவை கொத்தத் தொடங்கும். இரண்டொரு முட்டைக்குப் பிறகு நிறம் மங்கும், மறுபடி தடவ வேண்டும். தடவும்முன் இடுப்பெலும்பு இடைவெளியைத் தொட்டுப் பாருங்கள்: இரண்டு மூன்று விரல் நுழைந்தால் இடுகிறது, ஒரு விரல்கூடச் சிரமமானால் இல்லை. கால் மஞ்சள் வெளுப்பதை வைத்துக் கணிக்கும் முறை சாம்பல் காலில் செல்லாது.

நிறத்தைப் பதிவு செய்வது பருவத்தின் முதல் சில முட்டைகளை வைத்துத்தான் இருக்க வேண்டும். தொடர்ந்து இடும்போது பழுப்புப் பூச்சு மெலிந்து ஆலிவ் பச்சையாக வெளிறும். இறகுதிர்ந்து ஓய்வெடுத்தபின் மீண்டும் அடரும். அடியிலுள்ள நீலம் இருக்கிற கோழியிடம் அப்படியே இருக்கும். நீலமிட்டவள் திடீரென்று பழுப்பு இட்டால், கூட்டில் வேறொருத்தி இட்டிருக்கிறாள்.

சேவலின் நீலம் வெளியே தெரியாது. வெள்ளை முட்டையிடும் லெகார்ன் பெட்டைகளோடு சேர்த்து மகள்களின் முட்டையைப் பாருங்கள். வெள்ளையிடும் ஒரே மகள் போதும், சேவலிடம் நீல மரபணு இரட்டையாக (இரு பிரதியாக) இல்லை என்று முடிவாகிவிடும். ஏழு மகள்களும் நீலமிட்டால், அவன் ஒற்றை நீலக்காரனாக (ஒரே பிரதி உள்ளவனாக) இருந்தும் தற்செயலாக அப்படி நடக்க 128-இல் 1 வாய்ப்பே உண்டு.