கப்பலின் காந்தத்தைக் குறைக்க எது தேவலை: கேபிளா, காயிலா, காந்தம் ஒட்டாத உடம்பா?

சேலத்தில் கப்பற்படையைப் பற்றிப் பேச்சு எடுத்தால் யாராவது ஒருத்தர் இதைக் கேட்காமல் விடமாட்டார்: "நம்ம இரும்பாலை எவர்சில்வர்ல காந்தம் ஒட்டாதே, அதுலயே போர்க்கப்பலைக் கட்டிட்டா காந்தக் கண்ணிவெடி என்ன பண்ணும்?" நியாயமான கேள்விதான். ஜெர்மனிக்காரர்கள் இதே யோசனையை நீர்மூழ்கியில் செய்துபார்த்துக் கையைச் சுட்டுக்கொண்டார்கள், அதற்கு அப்புறம் வருகிறேன்.

இரும்புக் கப்பலில் காந்தம் இரண்டு வகையாக இருக்கிறது. கட்டும்போது ஒரே திசையில் மாதக்கணக்கில் கிடந்து, அடியும் வெல்டிங் சூடும் வாங்கி, உடம்பில் ஊறிப்போன நிரந்தரக் காந்தம் ஒன்று. பூமியின் காந்தப்புலம் அந்தந்த நேரத்தில் இரும்பில் தூண்டுவது இன்னொன்று. கப்பல் எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதைப் பொறுத்து இது மாறிக்கொண்டே இருக்கும். கடலடியில் கிடக்கும் கண்ணிக்கு இந்த வித்தியாசம் எல்லாம் தெரியாது, மேலே புலம் மாறினால் வெடிக்கும். 1939 நவம்பரில் ஜெர்மன் விமானம் போட்ட ஒரு கண்ணி தேம்ஸ் முகத்துவாரச் சேற்றில் வெடிக்காமல் மாட்டியது. அதை பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி ஜான் ஔவ்ரியின் குழுவினர் கழற்றிப் பார்த்த பிறகுதான் எதைக் குறைக்க வேண்டும் என்பது பிரிட்டிஷ்காரர்களுக்குத் தெளிவானது.

முதல் வழி, கப்பலுக்கு வெளியே இருந்து வைத்தியம். கனமான கேபிளில் ஆயிரக்கணக்கான ஆம்பியர் மின்சாரம் விட்டு, கப்பலின் பக்கவாட்டில் கீழிருந்து மேலே இழுத்துத் துடைப்பார்கள். 1940இல் பிரான்ஸின் டன்கிர்க் கரையில் மாட்டிக்கொண்ட படைகளைக் கப்பலில் மீட்டபோது நாலு நாளில் 400 கப்பல்களுக்கு இப்படித் துடைத்தார்கள் என்றால் வேகத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். மலிவு, கப்பலுக்குள் எதையும் பொருத்த வேண்டாம். இன்றைக்கு இதே வேலையை முழுக் கப்பலையும் கேபிளால் சுற்றி, மின்னோட்டத்தைத் திசை மாற்றி மாற்றிக் குறைத்துக்கொண்டே வந்து நிதானமாகச் செய்கிறார்கள். ஆனால் இதனால் மாற்ற முடிவது நிரந்தரக் காந்தத்தை மட்டும்தான், அதுவும் அலையிலும் அதிர்விலும் நாளாக நாளாக மாறிவிடும், திரும்ப வந்து செய்துகொள்ள வேண்டும்.

இரண்டாவது, கப்பலுக்குள்ளேயே காயில்களை, அதாவது கம்பிச் சுருள்களை ஓட்டி, அதில் மின்சாரம் விட்டு எதிர்ப்புலம் உண்டாக்குவது. டீகாஸிங் என்று பொதுவாகச் சொல்வது இதைத்தான். செலவு அதிகம், இடம் பிடிக்கும், மின்சாரம் தின்னும், காயில் ஓடவில்லை என்றால் பாதுகாப்பும் இல்லை.

இதில் நம் ஊர் இருக்கும் இடம் முக்கியம், இதை யாரும் அதிகம் பேசுவதில்லை. பிரிட்டன் பக்கம் பூமியின் புலம் பெரும்பாலும் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கிறது. அது தூண்டும் செங்குத்துக் காந்தம் கப்பல் எந்தத் திசையில் திரும்பினாலும் மாறாது, அதனால் அதற்கு எதிரான ஒரு நிரந்தரக் காந்தத்தைத் துடைத்து ஏற்றிவிட்டால் கணக்கு சரியாகிவிடும். நமக்கோ, புலம் சாயாமல் கிடைமட்டமாக இருக்கும் காந்த நடுக்கோடு தமிழ்நாட்டின் தென்கோடிக்குப் பக்கத்தில் போகிறது. சேலத்தில் மொத்தப் புலம் கிட்டத்தட்ட 40 மைக்ரோடெஸ்லா, அதில் ஏறக்குறைய எல்லாமே கிடைமட்டம். வங்கக்கடலிலும் இப்படித்தான் என்பதால், வடக்கே போகும் கப்பல் தெற்கே திரும்பினால் நீளவாக்கில் தூண்டப்பட்ட காந்தம் அப்படியே தலைகீழாகும். துடைத்து வைத்த கப்பலால் இதற்கு ஒன்றும் செய்ய முடியாது. திசைகாட்டியோடு சேர்ந்து மின்னோட்டத்தை மாற்றிக்கொண்டே இருக்கும் காயிலால்தான் முடியும். அங்கே துடைத்துவிட்ட கப்பலை அப்படியே இங்கே கொண்டுவந்தால் கணக்கு மறுபக்கம் கவிழும்.

சரி, எவர்சில்வர். பாத்திரத்துக்கு வரும் 304 என்ற ரகத்தில் குரோமியம் 18, நிக்கல் 8 சதவீதம், தட்டையான தகட்டில் காந்தம் ஒட்டாது. ஆனால் அதே தகட்டை அழுத்தி வளைத்த விளிம்பில் லேசாக இழுக்கும். செவ்வாய்ப்பேட்டைப் பாத்திரக் கடையில் காந்தத்தோடு வந்து "இது டூப்ளிகேட்" என்று சண்டை போடுகிறவர்களில் பாதிப்பேர் பார்ப்பது இதைத்தான். கப்பல் கட்டுவதோ முழுக்க வளைப்பதும் வெல்டிங்கும். போதாததற்கு 304 தகடு சுமார் 205 மெகாபாஸ்கல் அழுத்தத்திலேயே நெளியத் தொடங்கும், கப்பலுக்கான வலுவான தகடு 355 வரை தாங்கும். உப்புத் தண்ணீரில் ஊசித் துளையும் விழும். காந்தமில்லாத வேறு எஃகு ரகங்கள் உண்டு, ஆனால் 1962இல் ஜெர்மனி அப்படி ஒன்றில் கட்டிய யூ-1, யூ-2 நீர்மூழ்கிகளில் அரிப்பும் வெடிப்பும் வந்து அடுத்த வருஷமே சேவையிலிருந்து எடுத்தார்கள். ரகத்தை மாற்றித் தேறிய பிறகுதான் பின்னாளில் 212 வகை நீர்மூழ்கிகளை அவர்களால் காந்தமில்லா எஃகில் கட்ட முடிந்தது.

கண்ணாடியிழை உடம்பு இதைவிட நன்றாக வேலை செய்கிறது. 1973இல் பிரிட்டனின் எச்எம்எஸ் வில்டன் அதில் கட்டிய முதல் போர்க்கப்பல், பின்னால் வந்த ஹன்ட் வகை 60 மீட்டர். 163 மீட்டர் நீளமுள்ள நம் விசாகப்பட்டினம் வகை அழிப்புக் கப்பலை அதில் கட்ட யாரும் துணியமாட்டார்கள், கட்டினாலும் உள்ளே இருக்கும் எஞ்சினும் ஆயுதமும் இரும்புதான், அதற்குக் காயில் வேண்டும்.

ஆக, பெரிய போர்க்கப்பலுக்கு ஒன்றைத்தான் எடு என்றால் நான் காயிலை எடுப்பேன், அவ்வப்போது கேபிள் சுற்றலையும் விடமாட்டேன். அதிலும் ஒரு அளவுதான்: 1991 பிப்ரவரி 18 அன்று பாரசீக வளைகுடாவில் அமெரிக்காவின் டிரிபோலி என்ற போர்க்கப்பல், மோதினால் வெடிக்கும் கண்ணியில் அடிபட்டது, அதற்குக் காந்தம் ஒரு பொருட்டே இல்லை. அன்றைக்கே இன்னொரு அமெரிக்கப் போர்க்கப்பலான பிரின்ஸ்டனை அடித்த மான்டா என்ற கண்ணி சத்தத்தையும் கேட்கும் ரகம்.

காந்தமில்லா உடம்புக்குக் கொடுக்கும் காசு கண்ணிகளைத் தேடி அழிக்கும் கப்பலுக்குத்தான் தகும், ஏனென்றால் தெரிந்தே கண்ணி கிடக்கும் இடத்துக்குப் போகிற வேலை அதற்கு மட்டும்தான். நம்மிடம் அந்த வேலைக்கு இருந்த பாண்டிச்சேரி வகைக் கப்பல்களில் கடைசியான ஐஎன்எஸ் கோழிக்கோடு 2019இல் ஓய்வு பெற்றுவிட்டது.