கென்யாவில் ஒட்டகச்சிவிங்கி: வண்டியிலிருந்தா, நடந்தா?

நைரோபியில் இறங்கும் குடும்பத்துக்கு ஒட்டகச்சிவிங்கி பார்க்க மூன்று வழி: நைரோபி தேசியப் பூங்கா, நைவாஷா ஏரியிலுள்ள கிரசன்ட் தீவு, வடக்கே சம்புரு வனவிலங்குக் காப்பகம். எங்கே போவது என்பதை வீட்டுக் கடைக்குட்டியின் வயதை வைத்து முடிவு செய்யுங்கள். நைரோபியில் கையால் தீனி ஊட்டும் ஜிராஃப் சென்டர் இந்தக் கணக்கில் வராது. அங்கிருப்பவை பராமரிப்பில் வாழ்பவை.

கையில் அரை நாள்தான் என்றால் நைரோபி பூங்கா. ஊர் நடுவிலிருந்து சுமார் 7 கி.மீ. காலை 6 மணிக்கு கேட் திறந்ததும் நுழைந்தால் மதியச் சாப்பாட்டுக்கு ஓட்டல் திரும்பிவிடலாம். பூங்காவின் மேலே செல்லும் ரயில் பாலம் ஒட்டகச்சிவிங்கி அடியில் போக வசதியாக உயர்த்திக் கட்டப்பட்டது. ஆனால் சிங்கம் இருக்கும் இடம், வண்டியை விட்டு இறங்க முடியாது. 1989இல் 12 டன் யானைத் தந்தத்தை எரித்த திடல் போன்ற சில இடங்களில்தான் இறங்கலாம். குழந்தைகளின் கழிப்பறை அவசரத்தையும் அதற்கேற்பத்தான் திட்டமிட வேண்டும். மார்ச் முதல் மே வரையும் நவம்பரிலும் மழை. பூங்காவில் பல இடம் கரிசல் மண். நனைந்தால் வேன் சக்கரம் புதைந்துவிடும். அந்த மாதங்களில் லேண்ட் க்ரூசர்தான் வேண்டும் என்று முன்பதிவிலேயே சொல்லிவிடுங்கள். ஜூலைக் காலையில் கூரை திறந்த வண்டியில் குளிர் அடிக்கும், ஸ்வெட்டர் அவசியம்.

ஐந்து வயதுக்கு மேல் பிள்ளைகள் இருந்தால் எங்கள் ஓட்டு கிரசன்ட் தீவுக்கு. நைரோபியிலிருந்து சுமார் 90 கி.மீ., பிறகு படகு. சிங்கமோ சிறுத்தையோ கிடையாது, ஆகவே வழிகாட்டியோடு நடந்தே பார்க்கலாம். இரை தேடும் மிருகம் இல்லாத இடத்தைக் காடு என்று சொல்லலாமா என்று சிலர் கேட்பார்கள், நியாயமான கேள்விதான். ஆனால் வண்டிக் கூரையிலிருந்து பார்க்கும்போது ஒட்டகச்சிவிங்கியின் உயரம் பாதி காணாமல் போய்விடுகிறது. தரையில் நின்றால் ஆறடி ஆள் அதன் கால் உயரத்துக்குத்தான் வருவார். முள்ளுக்கு நடுவே அந்தக் கருநீல நாக்கு நீண்டு, கிளையைச் சுற்றி இலையை உருவுவதைப் பிள்ளைகள் அண்ணாந்து பார்ப்பார்கள்.

நேராக நெருங்கக்கூடாது, பக்கவாட்டில் சாய்வாக நடந்து, இடையிடையே நிற்க வேண்டும். அசைபோடுவதை நிறுத்திவிட்டு உங்களையே வெறித்தால் அதுதான் எல்லை, அங்கேயே நில்லுங்கள். குட்டியோடு இருக்கும் தாயிடமிருந்து இன்னும் விலகி நில்லுங்கள். அதன் உதை சிங்கத்தையே கொல்லும். கரையோரப் புல்லில் நீர்யானை மேய்ந்தால் அதற்கும் தண்ணீருக்கும் நடுவே போகவே கூடாது. வேல முள் ரப்பர் செருப்பைத் துளைத்துவிடும், ஷூ போடுங்கள். மதியத்துக்கு மேல் ஏரியில் காற்று கிளம்பி அலை எழும். எனவே காலைப் படகு. ஏறும் முன் குழந்தை அளவில் உயிர்காப்பு அங்கி இருக்கிறதா என்று கேளுங்கள், பெரியவர்களுடையது சின்னவர்களுக்கு நழுவிவிடும். ஞாயிறு மாலை நைரோபி திரும்பாதீர்கள், நெடுஞ்சாலை அடைத்துக் கிடக்கும்.

சம்புருவுக்கு 300 கி.மீ.க்கு மேல், ஒரு பக்கம் ஆறு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு இரவு தங்காவிட்டால் அலுப்புதான் மிச்சம். ஆனால் இங்கிருப்பது வேறு இனம். முதல் இரண்டு இடங்களிலும் மசாய் வகை, ஓரம் கிழிந்த இலை போன்ற புள்ளிகள். இங்கே வெள்ளைக் கோடுகள் வலைபோட்டாற்போல் பளிச்சென்று பிரிக்கும் பெரிய பழுப்புக் கட்டங்கள். வெயிலும் மலேரியாவும் உண்டு. தடுப்பு மாத்திரையின் அளவு குழந்தையின் எடையைப் பொறுத்தது, மருத்துவரைப் பார்க்காமல் வாங்க வேண்டாம். பத்து வயதுக்கு மேல், அதுவும் இரண்டாவது பயணத்தில் என்றால் தாராளமாகப் போகலாம்.

எங்கே போனாலும் எவர்சில்வர் தண்ணீர் பாட்டில் எடுத்துச் செல்லுங்கள். 2020 ஜூனிலிருந்து கென்யாவின் பாதுகாக்கப்பட்ட வனப்பகுதிகளில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை. இந்தியாவிலிருந்து போகிறவர்கள் மஞ்சள் காய்ச்சல் ஊசியைப் புறப்படுவதற்குக் குறைந்தது 10 நாள் முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். சான்று அட்டை இல்லாமல் திரும்பினால் விமான நிலையத்திலிருந்தே தனிமைப்படுத்தலுக்கு அனுப்பிவிடுவார்கள், 6 நாள் வரை.