‘சொல்லி அனுப்புறோம்’ என்பதை விட்டு ஏழு வருடம்

கோவை குறிச்சி சிட்கோவில் நாற்பது பேர் வேலை செய்யும் ஒரு மெஷினிங் யூனிட்டில் ஆள் எடுக்கும் பொறுப்பு என்னுடையது. பம்புக்கும் வால்வுக்கும் பாகங்கள் கடைந்து கொடுக்கிறோம். கம்ப்யூட்டர் வழி இயங்கும் சிஎன்சி மெஷினை ஓட்ட ‘சிஎன்சி ஆப்பரேட்டர் இரண்டு பேர் தேவை’ என்று கேட்டில் போர்டு மாட்டி, வாட்ஸ்அப் குழுக்களிலும் போட்டால் பத்து நாளில் அறுபது எழுபது பேர் கேட்டுவிடுவார்கள். இரண்டு பேரை எடுப்பது சுலபம். மீதிப் பேருக்கு இல்லை என்று சொல்வதில்தான் என் நேரம் போகிறது. 2018-லிருந்து அதற்கு என்னென்ன செய்து பார்த்தேன், எதை விட்டேன், எது நிலைத்தது என்று எழுதுகிறேன். தனி எச்ஆர் இல்லாத சின்ன யூனிட்டில் இந்த வேலையையும் சேர்த்துப் பார்க்கிறவர்களுக்கு உதவும்.

முன்பெல்லாம் ‘சொல்லி அனுப்புறோங்க’ என்பதுதான் எங்கள் பதில். பெண் பார்க்கப் போன இடத்தில் ‘ஊருக்குப் போய் லெட்டர் போடுறோம்’ என்றால் பெரியவர்களுக்கு அர்த்தம் புரிந்துவிடும். வேலை கேட்டு வந்த பத்தொன்பது வயதுப் பையனுக்குப் புரியாது. அவன் போனைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு காத்திருப்பான். உடுமலைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு தம்பி அப்படி மூன்று வாரம் காத்திருந்தான். நடுவில் வேறு ஒரு இடத்தில் கூப்பிட்டதற்கும், இங்கே அமைந்துவிடும் என்று நம்பிப் போகவில்லை. அவனுக்கு இந்த வேலை சரிவராது என்று வந்த அன்றைக்கே எனக்குத் தெரியும். நுணுக்கமாக அளக்கும் வெர்னியர் கருவியைக் கையில் கொடுத்தபோது, மெயின் ஸ்கேலை மட்டும் படித்துவிட்டு, அதன் மேல் நகரும் சின்ன ஸ்கேலைப் பார்க்காமலே திருப்பிக் கொடுத்தான். அன்று மதியமே சொல்லியிருந்தால் அந்த இன்னொரு வேலையில் சேர்ந்திருப்பான். மனம் நோகக் கூடாது என்று நான் நினைத்தது அவனுடைய ஒரு மாதச் சம்பளத்தைச் சாப்பிட்டுவிட்டது. அதை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை.

2018-ல்தான் வாட்ஸ்அப் பிசினஸ் செயலி வந்தது. ஒரு வாசகத்தைச் சேமித்து வைத்துக்கொண்டு, சாய்கோடு போட்டு ஒரு சொல் அடித்தால் முழுச் செய்தியும் வந்து நிற்கும். யார் எந்த நிலையில் இருக்கிறார் என்று லேபிள் போடலாம். அன்றாட வேலைக்கு இந்த இரண்டும் போதும், இன்றும் அதையே பயன்படுத்துகிறேன். சிரமமெல்லாம் அந்த வாசகத்தை எழுதுவதில்தான் இருந்தது.

முதலில் எழுதியது இப்படி: ‘தங்கள் விண்ணப்பம் கவனமாகப் பரிசீலிக்கப்பட்டது. தற்போதைய தேவைக்கேற்பப் பிற விண்ணப்பதாரர்கள் தெரிவு செய்யப்பட்டுள்ளனர். எதிர்கால வாய்ப்புகளுக்குத் தங்கள் விவரங்கள் பாதுகாக்கப்படும்.’ மரியாதையாகத்தான் இருக்கிறது என்று நினைத்தேன். அனுப்பிய அன்றே மூன்று பேர் ‘சரிங்க மேடம், எப்ப வரட்டுங்க?’ என்று பதில் போட்டார்கள். இல்லை என்ற சொல்லே அதில் இல்லையே, அவர்கள் என்ன செய்வார்கள்?

அடுத்ததாக ‘நீங்கள் தேர்வாகவில்லை. நன்றி’ என்று சுருக்கினேன். இது புரிந்தது, ஆனால் வலித்தது. ஒரு பையனின் அம்மா போன் செய்தார். ‘ரெண்டு நாளா சரியாச் சாப்பிடல கண்ணு, என்ன தப்புப் பண்ணினான்னு மட்டும் சொல்லிடு’ என்றார். அவன் தப்பு எதுவும் செய்யவில்லை. இரண்டு வருடம் வேலை செய்த இடத்தில் ஜாப்பை, அதாவது கடைய வேண்டிய பாகத்தை, மெஷினில் ஏற்றி இறக்க மட்டும்தான் அவனை விட்டிருக்கிறார்கள். காரணத்தைச் சொல்லாமல் விட்டதால், தன்னிடமே ஏதோ குறை என்று எடுத்துக்கொண்டான்.

இப்போது ஐந்து வருடமாக இதைத்தான் அனுப்புகிறேன்: ‘வணக்கம். செவ்வாய்க்கிழமை டர்னிங் ஆப்பரேட்டர் வேலைக்கு வந்திருந்தீர்கள். இந்த வேலைக்கு உங்களை எடுக்கவில்லை. ஆஃப்செட் போட்டு அளவைச் சரிசெய்த அனுபவம் இதற்குத் தேவை, அது உங்களுக்கு இன்னும் அமையவில்லை. எங்களுக்காகக் காத்திருக்க வேண்டாம், வேறு இடம் கிடைத்தால் சேர்ந்துகொள்ளுங்கள். அதைப் பழகிய பிறகு இதே நம்பருக்கு எழுதலாம்.’ ஆஃப்செட் என்பது அளவு சரியாக வருவதற்காக மெஷினில் பதியும் திருத்த எண். வணக்கத்துக்குப் பிறகு அவருடைய பெயரைச் சேர்த்துவிடுவேன். ‘காத்திருக்க வேண்டாம்’ என்ற வரிக்குத்தான் அதிகம் நன்றி வந்திருக்கிறது. எதை மாற்றினாலும் அதை எடுக்க மாட்டேன்.

காரணம் சொல்வதில் எனக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. போர்டில் கேட்டிருந்த தகுதியாக இருக்க வேண்டும், அளந்து காட்டக்கூடியதாகவும் இருக்க வேண்டும். ‘மைக்ரோமீட்டரில் அளவு எடுக்கத் தெரிய வேண்டும்’ என்று சொல்லலாம். எங்கள் வெர்னியர் 0.02 மில்லிமீட்டர் வரைதான் காட்டும், அதை மட்டும் வைத்துக்கொண்டு நுணுக்கமான ஜாப்பை பாஸ் பண்ண முடியாது என்று விளக்கினால் கேட்கிறவருக்கும் நியாயமாகப் படுகிறது. ‘சுறுசுறுப்புப் போதாது’, ‘செட் ஆக மாட்டார்’ என்பதெல்லாம் எழுத மாட்டேன். அவை என் அபிப்பிராயம், திருத்திக்கொள்ள அவருக்கு வழியில்லை. வயது, கல்யாணம், ஊர் பற்றி ஒரு சொல்லும் வரக் கூடாது. பொய்யான காரணமும் கூடாது. ‘இடம் நிரம்பிவிட்டது’ என்று ஒருவருக்குச் சொல்லிவிட்டு அடுத்த வாரம் அதே போர்டை மாட்டியபோது, அவர் கேட்டுக்கு வந்து நின்று என்னைப் பார்த்தார். அதற்குப் பிறகு அந்த வாசகத்தைத் தொட்டதில்லை.

அனுப்புவதில் நான் செய்த பிழை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நேரம் மிச்சம் என்று பிராட்காஸ்ட் பட்டியலில் எல்லோரையும் சேர்த்து அனுப்பினேன். நம் நம்பரை போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்குத்தான் அது போய்ச் சேரும் என்று அப்போது எனக்குத் தெரியாது. வேலை கேட்டு வந்தவர்களில் பாதிப் பேருக்கு மேல் சேரவே இல்லை. நான் சொல்லிவிட்டதாக நிம்மதியாக இருந்தேன், அவர்கள் காத்துக்கொண்டிருந்தார்கள். இப்போது ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத்தான். அதையும் காலை பதினொரு மணிக்குள் அனுப்பிவிடுவேன். சனிக்கிழமை சாயங்காலம் கிடைத்தால் திங்கள் வரை அதைச் சுமப்பதைத் தவிர ஒன்றும் செய்ய முடியாது. நேரில் வந்து மெஷினில் நின்று காட்டியவருக்கு மெசேஜ் போதாது, போன்தான்.

அப்பாவோடு வரும் பையன்கள் நிறைய. ஒரு முறை அப்பா முன்னாலேயே ‘இன்னும் கத்துக்கணும் தம்பி’ என்றேன். அந்த அப்பா, ‘நான்தான் சொன்னேன்ல’ என்று அங்கேயே ஆரம்பித்துவிட்டார். இப்போது அப்பாவுக்கு டீ கொடுத்து ஆபீசில் உட்காரவைத்துவிட்டு, பையனைத் தனியாக ஷாப் ஃப்ளோருக்கு அழைத்துப் போய்ச் சொல்கிறேன். வீட்டில் எப்படிச் சொல்வது என்பதை அவனே முடிவு செய்துகொள்ளட்டும். சிபாரிசில் வருகிறவர்களுக்கும் இதே முறைதான். முதலில் வந்தவருக்குச் சொல்வேன், அப்புறம்தான் அனுப்பியவருக்கு. அனுப்பியவரிடமும் ‘இந்த வேலைக்கு அமையவில்லைங்க’ என்பதோடு நிறுத்திக்கொள்வேன். விவரம் சொன்னால் அது ஊர் முழுக்கப் போய்விடும்.

இவ்வளவும் செய்தாலும், அதிகம் பயன் தந்தது மெசேஜுக்கு முந்தைய வேலைதான். போர்டில் சம்பளம், ஷிஃப்ட், என்ன தெரிந்திருக்க வேண்டும் என்று முழுசாக எழுத ஆரம்பித்தேன். போனில் கேட்கிறவர்களிடம், என்ன கன்ட்ரோலில் (மெஷினை இயக்கும் கம்ப்யூட்டர்) ஓட்டினீர்கள், ஆஃப்செட் நீங்களே போட்டீர்களா, எதில் அளவு பார்த்தீர்கள் என்று மூன்றே கேள்வி கேட்பேன். ஐந்து நிமிடம் ஆகும். சரிவராது என்றால் அங்கேயே சொல்லிவிடுவேன். தாராபுரத்திலிருந்து பஸ் ஏறி, அரை நாள் கூலியையும் விட்டுவிட்டு வந்து நிற்பவரிடம் எவ்வளவு இனிமையாகச் சொன்னாலும் பஸ் காசு காசுதான்.

பிஇ மெக்கானிக்கல் முடித்துவிட்டு ஆப்பரேட்டர் வேலைக்கு வருகிறவர்களும் உண்டு. படித்தவர்கள் என்பதால் எடுக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். கைப்பழக்கம் இல்லை என்பதுதான் உண்மைக் காரணம், அதையே சொல்வேன். மத்திய அரசின் நேட்ஸ் திட்டத்தில் பட்டதாரிகளுக்கும் டிப்ளமோ முடித்தவர்களுக்கும் உதவித்தொகையோடு அப்ரண்டிஸ் பயிற்சி இருக்கிறது என்று சேர்த்து எழுதுகிறேன். பத்தாவதோடு நின்ற பையன்களுக்கு ஐடிஐ டர்னர், மெஷினிஸ்ட் பிரிவுகளைச் சொல்வேன், இரண்டு வருடப் படிப்பு. ‘ஒரு மாசம் சம்பளமே வேண்டாம், விட்டுப் பாருங்க’ என்று கெஞ்சுகிறவர்களிடம் முடியாது என்று உறுதியாகச் சொல்லிவிடுவேன். சம்பளம் இல்லாமல் யாரையும் மெஷினில் நிறுத்துவதில்லை.

ஒரு கூட்டத்துக்கு மட்டும் என்னிடம் இன்னும் சரியான வாசகம் இல்லை. ஸ்பின்னிங் மில்லில் இருபது வருடம் நின்றவர்கள். மத்திய அரசின் தேசியப் பஞ்சாலைக் கழகத்தின் (என்டிசி) ஆலைகள் 2020 மார்ச் ஊரடங்கோடு ஓட்டத்தை நிறுத்தின, அதற்கு முன்பே மூடிய தனியார் மில்களும் உண்டு. நாற்பத்தெட்டு, ஐம்பது வயதில் ஆப்பரேட்டர் வேலை கேட்டு வருகிறார்கள். ‘ஆஃப்செட் பழகிய பிறகு எழுதலாம்’ என்று அவர்களுக்கு எப்படி அனுப்புவது? பேக்கிங்கிலோ ஸ்டோரிலோ இடம் இருந்தால் கேட்பேன். இல்லையென்றால் எழுந்து நின்று நானே நேரில் சொல்கிறேன்.

போன வருடம் அப்படிச் சொன்னபோது, ஒருவர் சரிங்க என்று தலையாட்டிவிட்டுக் கதவு வரை போனார். திரும்பி வந்து, ‘அந்த ஜெராக்ஸை மட்டும் குடுத்துடுங்கம்மா, அடுத்த கம்பெனிக்கு ஆகும்’ என்றார். ஆதார், பள்ளிச் சான்றிதழ், மில் சர்வீஸ் சர்டிபிகேட் என்று ஐந்து தாள். எடுத்துக் கொடுத்தேன். அன்று சாயங்காலமே பைலைத் திறந்து, எடுக்காதவர்களின் ஜெராக்ஸ்களையெல்லாம் பெயர்வாரியாகப் பிரித்துக் கவரில் போட்டு செக்யூரிட்டியிடம் வைத்தேன். அதிலிருந்து என் மெசேஜில் ஒரு வரி கூடியிருக்கிறது: ‘உங்கள் ஜெராக்ஸ் தாள்கள் கேட்டில் இருக்கின்றன, இந்தப் பக்கம் வரும்போது வாங்கிக்கொள்ளுங்கள்.’