ஒரே போர், இரண்டு பெட்டி

போன மாதம் ஃபோர்ட் சம்டர் என்ற பலகை விளையாட்டை வாங்கிவிட்டேன், அதனால் என்னிடம் நடுநிலை எதிர்பார்க்க வேண்டாம். எதை வாங்குவது என்ற போட்டியில் இருந்த இன்னொரு விளையாட்டு ஃபார் தி பீப்பிள். இரண்டும் அமெரிக்க உள்நாட்டுப் போர், இருவர் ஆடுவது, வடிவமைத்தவரும் ஒருவரே: மார்க் ஹெர்மன். பெரிய பெட்டியான ஃபார் தி பீப்பிளில் முழுப் போரும் இருக்கிறது. சின்னதில் போருக்கு முந்தைய அரசியல் இழுபறி மட்டும். 1861 ஏப்ரலில் சம்டர் கோட்டை மீது குண்டு விழும் கட்டத்தோடு சரி. விலையும் விதிப்புத்தகமும் பெட்டியின் அளவுக்கு ஏற்றபடிதான்.

ஃபார் தி பீப்பிளை இரவல் வாங்கி ஒன்றரை ஆட்டம்தான் ஆடினேன், என் பேச்சை அந்த அளவுக்கே எடுத்துக்கொள்ளுங்கள். தளபதிகளை அது காட்டும் விதம் அபாரம். படையை நகர்த்தச் சீட்டு போட வேண்டும்; தெற்கின் தளபதி லீயை 1 மதிப்புள்ள சீட்டே கிளப்பிவிடும். லிங்கனின் வடக்குத் தளபதி மெக்லெல்லனுக்கு 3 வேண்டும். கையில் ஒன்றும் இரண்டுமாக வைத்துக்கொண்டு, அத்தனை பெரிய படையோடு அவர் அசையாமல் இருப்பதைப் பார்த்தால் லிங்கனின் வயிற்றெரிச்சல் நமக்கே வரும்.

ஆனால் நாங்கள் இருப்பது கடலூர் தேவனாம்பட்டினம், வீட்டில் மேஜை ஒன்றுதான். முழு ஆட்டம் எங்களுக்கு ஒரே நாளில் முடியாது, விரித்தே வைக்க வேண்டும். அந்தப் பிரதியில் வரைபடம் வெறும் தாள். ராத்திரி கடல் ஈரத்தில் மடிப்பு கூரை மாதிரி எழும்பி, டென்னஸியில் அடுக்கியிருந்த அட்டைச் சில்லுகள் கென்டக்கிக்குச் சரிந்துவிட்டன. மூலைக்கு ஒரு ஊறுகாய் பாட்டில் வைத்தோம். மறுநாள் அம்மா குழம்புச் சட்டியோடு வந்து நின்றார். "போட்டோ எடுத்துட்டு எடுத்து வச்சிடலாம் மாமா" என்றான் மச்சான். திரும்ப அடுக்கவே ஒரு மணி நேரம். அந்த ஆட்டம்தான் அந்த அரை.

ஃபோர்ட் சம்டரில் பலகை தடிமன், காய்கள் மரக்கட்டை, முக்கால் மணி நேரத்தில் எல்லாம் பெட்டிக்குள். சுற்றுக்கு நான்கு சீட்டு. மூன்றை ஆடி, ஒன்றைக் 'கடைசி நெருக்கடி' என்ற இறுதிக் கட்டத்துக்கு ஒதுக்க வேண்டும். நல்ல சீட்டை இப்போதே போடுவதா, பதுக்குவதா என்பதிலேயே டீ ஆறிவிடுகிறது. இப்படி மூன்று சுற்று.

சீட்டுகள் வளையாதா என்றால், உறை போட்டிருக்கிறேன்; ஐப்பசி மழையை அவை இன்னும் பார்க்கவில்லை. பத்து ஆட்டத்துக்குப் பின் அதே சீட்டுகள் அலுக்கவும் செய்கின்றன. மச்சான் இப்போதும் பெரியதைத்தான் கேட்கிறான். அவன் வீட்டில் மேஜை இரண்டு.