சி3ஆர் பண்ணி நாலு வருஷம்: கண்ணு நின்னுடுச்சு, நம்பர்தான் நிக்க மாட்டேங்குது

ஃப்ரெண்டோட தம்பிக்கு கெரட்டோகோனஸ், அதாவது கண்ணுக்கு முன்னாடி இருக்கிற கார்னியாங்கிற தெளிவான படலம் மெலிஞ்சு கூம்பு மாதிரி புடைக்கிற நோய். அது மேல கூடாம கார்னியாவ இறுக்கி நிறுத்துற சி3ஆர் சிகிச்சை பண்ணணும்னு சொல்லிருக்காங்களாம். "நீ பண்ணி நாலு வருஷம் ஆச்சே, எப்படி இருக்கு?"ன்னு நேத்து கேட்டான். வாய்ஸ் நோட்ல சொல்லி முடியல, அதான் டைப் பண்றேன்.

எனக்கு இடது கண்ணுல மட்டும் பண்ணாங்க. பழைய டிரெஸ்டன் முறைதான், மேல்தோலை எடுத்துட்டு அரை மணி நேரம் ரைபோஃப்ளேவின் (வைட்டமின் பி2) சொட்டு, அரை மணி நேரம் யுவி வெளிச்சம். முதல் மூணு நாள் வலி உயிர் போச்சு, ஆனா அது இப்ப மறந்தே போச்சு. மறக்க முடியாதது அதுக்கப்புறம் வர்ற ஸ்கேனும் அந்த கே மேக்ஸும்தான்.

கே மேக்ஸ்னா கார்னியாவுலயே ரொம்ப செங்குத்தா இருக்கிற ஒரே ஒரு புள்ளியோட வளைவு. டயாப்டர்ல சொல்வாங்க, நம்பர் ஏறினா கூம்பு இன்னும் செங்குத்தாகுதுன்னு அர்த்தம். பண்றதுக்கு முன்னாடி எனக்கு 54.6, ஒரு மாசம் கழிச்சு பாத்தா 55.7, தடிமனும் 468 மைக்ரான்ல இருந்து 441க்கு வந்துடுச்சு. போச்சுடா, இருந்த கண்ணையும் கெடுத்துக்கிட்டோம்னு அன்னைக்கு ராத்திரி பூரா தூங்கல. முதல் மாசம் இப்படி ஏறிட்டு மூணு மாசத்துக்கு மேல எறங்குறதுதான் வழக்கமாம், தடிமனும் மெலிஞ்சுட்டு மெதுவா திரும்புமாம், கார்னியா மங்கலா இருக்கிற அந்த சமயத்துல மெஷினே கொஞ்சம் கம்மியாதான் காட்டுமாம். இத முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லிருந்தா என்ன? ஒரு வருஷத்துல 53.9, ரெண்டாவது வருஷம் 53.8, தடிமன் 457. அதாவது ட்ரீட்மென்ட் வேலை செஞ்சிருக்கு, அதுல எனக்கு துளி சந்தேகம் இல்ல.

எரிச்சல் வேற இடத்துல. நான் ஆர்ஜிபி லென்ஸ், அதாவது கெட்டியான கான்டாக்ட் லென்ஸ் போடுறேன். அந்த லென்ஸ் கூம்பு மேல உக்காந்து அழுத்தி அழுத்தி கார்னியாவ தட்டையாக்கி வெச்சிருக்கும், கழட்டினதும் சொந்த வடிவத்துக்கு வர நாளாகும், அதனால ஸ்கேனுக்கு மூணு வாரம் முன்னாடியே கழட்டணும். மூணாவது வருஷம் போன இடத்துல இத யாருமே சொல்லல, முந்தின நாள் ராத்திரி கழட்டிட்டு காலைல போய் உக்காந்தேன், 52.8னு வந்துச்சு, "சூப்பர், இன்னும் குறைஞ்சிருக்கு"ன்னு கைகுலுக்கி அனுப்பிட்டாங்க. இந்த வருஷம் நானே படிச்சு தெரிஞ்சுக்கிட்டு ஒழுங்கா மூணு வாரம் கழட்டி வெச்சுட்டு போனா 54.0. உடனே அங்க இருந்த ஜூனியர், "1.2 டயாப்டர் ஏறிருக்கு, ப்ரோக்ரஷன், திரும்ப சி3ஆர் பண்ண வேண்டி வரலாம்"ங்கிறாரு. வருஷத்துல 1 டயாப்டர் ஏறினா நோய் கூடுதுன்னு பொதுவா ஒரு கணக்கு இருக்கு, அத அப்படியே வெச்சு சொல்லிட்டாரு. எனக்கு கை நடுங்கிடுச்சு.

பழைய ஃபைல மடியில விரிச்சு வெச்சு பாத்துக்கிட்டே இருந்தப்பதான் புரிஞ்சுது. ரெண்டாவது வருஷமும் மூணு வாரம் கழட்டிட்டுதான் போனேன், அது 53.8. நடுவுல வந்த 52.8தான் பொய்! பெரிய டாக்டர்கிட்ட சொன்னதும் அவர் உடனே ஒத்துக்கிட்டாரு, மறுபடி மூணு தடவை எடுக்கச் சொன்னாரு. தாடைய வெச்சு நெத்திய பட்டையில ஒட்டி, "நல்லா மூடித் திறங்க, இப்ப சிமிட்டாதீங்க"ன்னு சொன்னதும் நீல வெளிச்சக் கோடு ரெண்டு செகண்ட் சுத்தும், தண்ணி முட்டிக்கிட்டு வரும். 53.7, 54.3, 54.0. அஞ்சு நிமிஷத்துல, அதே கண்ணு, அதே மெஷின், 0.6 வித்தியாசம். கூம்பு செங்குத்தா ஆக ஆக இந்த ஆட்டம் இன்னும் ஜாஸ்தியாகுமாம். இத வெச்சுக்கிட்டு ஒரே ஒரு ஸ்கேன்ல எப்படிங்க தீர்ப்பு சொல்றீங்க?

நான் எதிர்பாக்காம சந்தோஷப்பட்டது ஏபிசிடி கிரேடு, நோய் எவ்வளவு தூரம்னு சொல்ற அளவு. முன்னாடிலாம் ஆம்ஸ்லர் க்ரூமெய்க்னு ஒரு பழைய முறையில "ஸ்டேஜ் 2"ன்னு ஒத்த வார்த்தையோட முடிச்சிடுவாங்க, அதுல பின்பக்க வளைவு கணக்குலயே கிடையாது. பெலின்ங்கிற டாக்டரோட இந்த ஏபிசிடி முறையில ஏ முன்பக்க வளைவு, பி பின்பக்க வளைவு, சி ரொம்ப மெல்லிசான இடத்தோட தடிமன், டி கண்ணாடி போட்டு தெரியுற பார்வை, ஒவ்வொண்ணுக்கும் 0ல இருந்து 4 வரைக்கும். ஏவும் பியும் அந்த மெல்லிசான இடத்த சுத்தி 3 மில்லிமீட்டருக்கு சராசரி, ஒத்தப் புள்ளி கூத்து இல்ல. எனக்கு ஏ2 பி3 சி1 டி1, ரெண்டாவது வருஷமும் இதேதான், இப்பவும் இதேதான். அந்த வரியப் பாத்ததும்தான் மூச்சே வந்துச்சு.

அந்த மூணு வாரம் எப்படி இருக்கும்னு தம்பிகிட்ட சொல்லிடு. கண்ணாடியில ஒவ்வொரு எழுத்துக்கும் கீழ நிழலா இன்னொரு எழுத்து தொங்கும், தெருவிளக்கெல்லாம் வால் வெச்சிருக்கும், ராத்திரி வண்டி எடுக்கவே முடியாது. வருஷா வருஷம் இது உண்டு. ஆனாலும் சி3ஆர் பண்ணிக்கச் சொல்லு, தள்ளிப்போட வேணாம், என் கண்ணு நின்னது அதாலதான். ஆனா மொத்த அனுபவத்துக்கும் மார்க் கேட்டா, நேத்துதான் திரும்ப லென்ஸ் போட்டேன், இப்ப அஞ்சுக்கு ரெண்டுக்கு மேல மனசு வரல.

போன ஸ்கேன்ல இருந்து ஒவ்வொரு ரிப்போர்ட் மூலையிலயும் லென்ஸ் கழட்டி எத்தன நாள், எந்த மெஷின்னு பேனாவுல எழுதிடுறேன், அவனையும் முதல் ஸ்கேன்ல இருந்தே எழுதச் சொல்லு. அப்புறம் அவன் கண்ண கசக்குறானான்னு கேளு, கசக்கினா இந்த நோய் கூடும். இல்லன்னுதான் சொல்லுவான், தூங்கி எந்திரிக்கும்போது பக்கத்துல இருந்து பாரு.