மேசைக் கணினியின் விசிறி இரைச்சல்: நான்கு ஆண்டு அனுபவம்

பார்வைத்திறன் குறைந்த மாணவர்களுக்காகப் பாடநூல்களை வாசித்து ஒலிப்பதிவு செய்து அனுப்பும் பணியை மதுரையில் என் வீட்டிலிருந்தே செய்துவருகிறேன். 2021ஆம் ஆண்டின் மார்கழி மாதத்தில் அனுப்பிய ஒரு பதிவைக் கேட்டுவிட்டு, கல்லூரி மாணவர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். "சார், நீங்கள் வாசிக்கும்போது பின்னால் யாரோ மூச்சு விடுவது போல இருக்கிறது. நான்கைந்து வரிக்கு ஒருமுறை மூச்சு வாங்குகிறது" என்றார். ஹெட்போனை மாட்டிக்கொண்டு மீண்டும் கேட்டபோதுதான் எனக்கும் புரிந்தது. அந்த மூச்சு, மேசைமேல் இருந்த என் கணினியின் விசிறி ஏறி இறங்கும் ஓசை. சித்திரை, வைகாசியில் கூரை மின்விசிறி ஓடிக்கொண்டே இருப்பதால் கணினியின் இரைச்சல் அதற்குள் மறைந்திருந்தது. மார்கழியில் மின்விசிறியை நிறுத்தியதும் அது தனித்து ஒலித்திருக்கிறது. அன்று தொடங்கிய வேலை, இடைவெளி விட்டு விட்டு நான்கு ஆண்டுகள் நீண்டது. எதனால் பயன் கிடைத்தது, எதில் பணம் வீணானது என்பதை, இதே சிக்கலில் இருப்பவர்களுக்காக விரிவாகவே எழுதுகிறேன்.

கணினி மிகச் சாதாரணமானது: ஆறு கோர் கொண்ட 65 வாட் செயலி (சிபியு), அதனுடன் பெட்டியிலேயே வந்த சிறிய விசிறி, நடுத்தரமான ஒரு கிராபிக்ஸ் கார்டு, முன்பக்கம் இரண்டும் பின்பக்கம் ஒன்றுமாக மூன்று கேபினெட் விசிறிகள், 7200 ஆர்பிஎம் ஹார்ட் டிஸ்க் ஒன்று, பாகங்களுக்கு மின்சாரம் வழங்கும் எஸ்எம்பிஎஸ். இவற்றுள் எது எவ்வளவு ஒலிக்கிறது என்று தெரியாமல் பொருள்களை வாங்கத் தொடங்கினால் பணம்தான் கரையும். கைபேசியில் கிடைக்கும், ஒலியளவை டெசிபலில் காட்டும் ஆப்களை முதலில் நம்பிப் பார்த்தேன். அமைதியான அறையில் அவை காட்டும் எண்கள் கைபேசியின் மைக்கைச் சார்ந்தவையாகவே இருந்ததால் விட்டுவிட்டேன். அதற்குப் பதிலாக, என் ஒலிப்பதிவு மைக்கை எப்போதும் இருக்கும் இடத்திலேயே வைத்து, அதே அளவு கெயினில் (ஒலிப்பெருக்க அளவில்), நள்ளிரவில் ஒரு நிமிடம் ஏதும் பேசாமல் பதிவு செய்து, தேதியிட்டுச் சேமித்தேன். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்னும் இதையே செய்தேன். இன்று என்னிடம் இத்தகைய பதிவுகள் முப்பதுக்கும் மேல் உள்ளன.

இந்தப் பதிவுகளை ஆடாசிட்டி மென்பொருளில் ஸ்பெக்ட்ரோகிராமாக (ஓசையின் அதிர்வெண்களைக் காட்டும் படமாக) பார்த்தபோது, காதால் பிரித்தறிய முடியாதவை கண்ணுக்குத் தெரிந்தன. 100 ஹெர்ட்ஸில் ஒரு கோடு, 120 ஹெர்ட்ஸில் ஒரு கோடு, அவற்றுக்கு மேலே மங்கலாக ஏறி இறங்கும் ஒரு பட்டை. நிமிடத்துக்கு 7200 சுற்று என்றால் நொடிக்கு 120 சுற்று. ஆகவே இரண்டாவது கோடு ஹார்ட் டிஸ்க்குடையது. நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், டிரான்ஸ்ஃபார்மர் உள்ள கருவிகளின் ரீங்காரம் அதன் இருமடங்கான 100 ஹெர்ட்ஸில் கேட்கும். மேசைக்கடியில் இருந்த யுபிஎஸ்ஸை அடுத்த அறைக்கு மாற்றியதும் முதல் கோடு மறைந்துவிட்டது. அதுநாள்வரை அந்த ரீங்காரத்தையும் கணினியின் ஓசை என்றே எண்ணியிருந்தேன்.

ஏறி இறங்கிய அந்தப் பட்டைதான் மாணவருக்குக் கேட்ட மூச்சு. ஓர் இணையப் பக்கத்தைத் திறந்தால்கூடச் செயலியின் வெப்பநிலை ஒரு நொடிக்குள் 45 டிகிரியிலிருந்து 62 டிகிரிக்குத் தாவும்; அடுத்த நொடியே இறங்கிவிடும். சிலிக்கான் சில்லு மிகச் சிறியது என்பதால் அதன் சூடு இப்படித் துள்ளுகிறது. ஆனால் அதன்மேல் அமர்ந்து சூட்டை வாங்கிக் காற்றில் விடும் அலுமினிய ஹீட்சிங்க் அந்த ஒரு நொடியில் சூடேறுவதே இல்லை. சில்லின் சூட்டை மட்டும் பார்த்து விசிறியை விரட்டுவதால் குளிர்ச்சி கூடுவதில்லை, ஓசைதான் கூடுகிறது. இதைப் புரிந்துகொண்டபின் பயாஸில் (கணினியின் அடிப்படை அமைப்புத் திரையில்) விசிறி வேகத்துக்கான வளைவை, அதாவது எந்த வெப்பத்துக்கு எவ்வளவு வேகம் என்னும் அமைப்பை, மாற்றினேன். 65 டிகிரி வரை ஒரே சீராக 35 விழுக்காடு. அங்கிருந்து 80 டிகிரி வரை மெல்ல ஏறி 70 விழுக்காடு. 85க்கு மேல் முழு வேகம். அத்துடன், வெப்பம் ஏறினாலும் சில நொடிகள் காத்திருந்தே வேகத்தைக் கூட்டும்படி தாமதத்தையும் அமைத்தேன். காசு செலவில்லாத இந்த அரைமணி நேர வேலை தந்த பலனை, பின்னால் நான் வாங்கிய எந்தப் பொருளும் தரவில்லை. மனிதக் காது சீரான ஓசைக்கு விரைவில் பழகிவிடுகிறது. ஏறி இறங்கும் ஓசைக்கு, அது எவ்வளவு மெல்லியதாக இருந்தாலும், பழகுவதில்லை.

கேபினெட் விசிறிகளிலும் இதுபோல் ஒரு சிறு அமைப்புப் பிழை இருந்தது. அவை மூன்று பின் கொண்டவை. ஆனால் மதர்போர்டில் அந்த இணைப்புகள் நான்கு பின் விசிறிகளுக்கான பிடபிள்யூஎம் முறையில் அமைக்கப்பட்டிருந்தன. நான்கு பின் விசிறிகளில் வேகக் கட்டளை நான்காவது கம்பி வழியே செல்கிறது, 12 வோல்ட் மின்னழுத்தம் மாறுவதில்லை. மூன்று பின் விசிறிக்கு அந்தக் கம்பியே கிடையாது என்பதால், அது எப்போதும் முழு வேகத்தில் சுற்றும். பயாஸில் அந்த இணைப்புகளை டிசி முறைக்கு மாற்றியதும், மின்னழுத்தம் குறைந்து மூன்று விசிறிகளும் ஒருசேரத் தணிந்தன. அந்த நொடியில் அறையின் சுவர்க் கடிகாரம் டிக்டிக்கென்று கேட்டது இன்றும் நினைவிருக்கிறது.

வேகத்துக்கும் ஓசைக்கும் உள்ள தொடர்பைத் தெரிந்துகொள்வது மிகவும் உதவும். ஒரு விசிறியின் வேகத்தைப் பாதியாக்கினால் காற்றோட்டமும் ஏறத்தாழப் பாதியாகிறது. ஆனால் ஓசை சுமார் 15 டெசிபல் குறைகிறது. அதே வேகத்தில் சுற்றும் இன்னொரு விசிறியைச் சேர்த்தாலோ 3 டெசிபல் மட்டுமே கூடுகிறது. ஆகவே, ஒரே விசிறியை விரட்டுவதைவிட, இரண்டு பெரிய விசிறிகளை மெதுவாகச் சுழலவிடுவதே எப்போதும் லாபம். பெட்டியுடன் வந்த சிறு விசிறியால் இது இயலாது. அதன் ஹீட்சிங்கின் பரப்பு குறைவு என்பதால் வேகமாகச் சுற்றியே தீர வேண்டும். 2022ஆம் ஆண்டின் நடுவில் சென்னை சென்றபோது, ரிச்சி தெருவில் நாக்டுவா நிறுவனத்தின் என்எச்-யூ12எஸ் ரெடக்ஸ் என்னும் குளிர்விப்பானை, ஐயாயிரத்தை ஒட்டிய விலையில் வாங்கினேன். அதன் உயரம் 158 மில்லிமீட்டர். என் கேபினெட் இடங்கொடுக்கும் உயரம் 160. வாங்குமுன் அளந்து பார்த்தது நல்லதாயிற்று.

அதைப் பொருத்தும் வேலையில்தான் பெரிய தவறொன்றைச் செய்தேன். முந்தைய இரவே கணினியை அணைத்துவிட்டுக் காலையில் உட்கார்ந்ததால், செயலிக்கும் குளிர்விப்பானுக்கும் இடையே தடவியிருந்த பழைய தெர்மல் பேஸ்ட் குளிர்ந்து இறுகிப்போயிருந்தது. திருகுகளைக் கழற்றிவிட்டுப் பழைய குளிர்விப்பானை நேராக மேலே இழுத்தேன். சட்டென்று ஒரு வெடுக்கென்ற ஓசையுடன் அது வந்தது. அதனோடு ஒட்டிக்கொண்டு செயலியும் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்தது. என்னுடையது அடியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊசிகள் கொண்ட வகைச் செயலி. ஓர் ஓரத்தில் ஏழு ஊசிகள் சாய்ந்திருந்தன. மகளின் பேனா பென்சிலிலிருந்து லெட்டை எடுத்துவிட்டு, அதன் உலோக முனைக்குள் ஒவ்வோர் ஊசியாக நுழைத்து, மற்ற வரிசைகளோடு நேராக நிற்கும்வரை நிமிர்த்தினேன். சாளர வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துப் பார்த்தால் எந்த ஊசி வரிசை தவறியிருக்கிறது என்று தெரியும். முக்கால் மணி நேரம் ஆயிற்று. செயலி எந்தக் குறையுமின்றி இன்றுவரை ஓடுகிறது என்றாலும், ஓர் ஊசி முறிந்திருந்தால் செயலியையே இழந்திருப்பேன். இவ்வேலையில் இறங்குவோர், முதலில் கணினியைப் பத்துப் பதினைந்து நிமிடம் கடினமான வேலையில் ஓடவிட்டுப் பேஸ்ட் இளகிய பிறகு அணைத்து, மின்னிணைப்பைக் கழற்றி, திருகுகளை மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாகத் தளர்த்தி, குளிர்விப்பானை இடமும் வலமுமாக மெல்லத் திருகிய பிறகே தூக்க வேண்டும்.

புதிய குளிர்விப்பானின் விசிறி முழு வேகத்தில் 1700 ஆர்பிஎம் சுற்றக்கூடியது. என் அமைப்பில் அது பெரும்பாலும் 600ஐ ஒட்டியே சுற்றுகிறது. ஒலித்தொகுப்பு முடித்து எம்பி3யாக மாற்றும்போதுகூட 1000ஐத் தாண்டுவது அரிது. பழையதன் கீச்சென்ற மேல்தொனி இதில் அறவே இல்லை.

ஹார்ட் டிஸ்க்கின் 120 ஹெர்ட்ஸ் கோட்டுக்கு வேறு மருந்து தேவைப்பட்டது. அந்த அதிர்வு கேபினெட்டுக்கும், கேபினெட்டிலிருந்து மேசைக்கும் பரவி, மரப்பலகை வீணைக் குடம்போல அதைப் பெருக்கிக்கொண்டிருந்தது. மேசையில் உள்ளங்கையை ஊன்றினாலே துடிப்பு தெரியும். கணினியைத் தரைக்கு இறக்கி, தூசி உறிஞ்சாதிருக்கத் தாழ்வான ஒரு பலகைமேல் வைத்தேன். பழைய சைக்கிள் டியூபைத் துண்டு துண்டாக வெட்டி, ஹார்ட் டிஸ்க்குக்கும் அதைத் தாங்கும் தகட்டுக்கும் இடையே வைத்துத் திருகினேன். கோடு பெருமளவு மங்கியது. ஓராண்டு கழித்து, சுழலும் பாகமே இல்லாத எஸ்எஸ்டிக்கு மாறி, ஹார்ட் டிஸ்க்கை வெளியே காப்புப் பிரதிக்கு மட்டும் வைத்துக்கொண்ட பிறகு கோடே இல்லை. கிராபிக்ஸ் கார்டைப் பொறுத்தவரை, வேலை இல்லாதபோது விசிறிகள் முற்றிலும் நிற்கும் வசதி அதில் இருந்ததால், அதை இயக்கியதோடு சரி.

வீணான செலவு ஒன்றையும் சொல்ல வேண்டும். ஒலி உறிஞ்சும் நுரைத் தாள்களை வாங்கிக் கேபினெட்டின் உட்புறம் முழுக்க ஒட்டினேன். பதிவுகளை ஒப்பிட்டபோது வேறுபாடு காதுக்குப் புலப்படவில்லை. உள்வெப்பமோ நான்கு டிகிரி கூடி, விசிறிகள் வேகமெடுத்தன. காற்றுக்கு வழி இருக்கும் துளை வழியேதான் ஓசையும் வெளியே வருகிறது. துளைகளை அடைக்க முடியாதவரை சுவருக்குத் தாள் ஒட்டிப் பயனில்லை. ஒரே மாதத்தில் கிழித்தெடுத்தேன், பசையைத் துடைக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிற்று. அதற்கு நேர்மாறாக, முன்பக்கத்தின் அடைத்த பலகையைக் கழற்றிவிட்டு வலை மட்டும் இருக்கும்படி செய்தபோது, விசிறிகள் மூச்சுத் திணறாமல் குறைந்த வேகத்திலேயே போதிய காற்றை இழுத்தன. கணினியைத் திறந்துவிட்டால் ஓசை குறையும் என்பது முதலில் எனக்கே வியப்பாக இருந்தது.

மதுரையின் கோடையைக் கணக்கில் கொள்ளாமல் இவற்றை மதிப்பிட முடியாது. காற்றால் குளிர்விக்கும் எந்த அமைப்பும் அறையின் வெப்பத்துக்குக் கீழே செல்லாது. அறை பத்து டிகிரி சூடானால் செயலியும் ஏறத்தாழப் பத்து டிகிரி சூடாகும். மார்கழியில் 25 டிகிரியில் இருக்கும் என் அறை, ஏசி இல்லாததால் கத்திரி வெயிலில் 37 டிகிரியைத் தொடுகிறது. குளிர்நாடுகளில் இருப்போர் பரிந்துரைக்கும் வளைவுகளை அப்படியே போட்டுக்கொண்டால், மே மாதத்தில் விசிறிகள் ஓயாமல் ஏறி இறங்கும். என் வளைவில் 65 டிகிரி வரை சமதளமாக விட்டதற்குக் காரணம் இதுவே. கோடைக்கெனத் தனியே, 72 டிகிரி வரை சமதளமாக நீளும் இன்னொரு வளைவையும் ஃபேன் கண்ட்ரோல் என்னும் இலவச மென்பொருளில் சேமித்துவைத்து, பங்குனியில் மாற்றிக்கொள்கிறேன். என் செயலி 95 டிகிரி வரை தாங்கக்கூடியது என்பதால் இதில் அச்சமில்லை.

தூசியைப் பற்றி எழுதாவிட்டால் இது நீண்டகால அனுபவமாகாது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வடிகட்டி வலைகளைக் கழுவி நிழலில் உலர்த்துகிறேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை புளோயரால் ஹீட்சிங்கின் இடுக்குகளைச் சுத்தம் செய்கிறேன். அப்போது விசிறியின் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்வது அவசியம்; காற்றின் வேகத்தில் அது கட்டுக்கடங்காமல் சுற்றினால் பேரிங் கெடும். ஒருமுறை எட்டு மாதம் தள்ளிப்போட்டுவிட்டுச் சுத்தம் செய்தபோது, அதே வேலைக்கு வெப்பநிலை ஆறு டிகிரி இறங்கியது.

மூன்றாம் ஆண்டில் பின்பக்க விசிறி, காலையில் கணினியைப் போட்டதும் சில்வண்டு போலக் கத்தத் தொடங்கியது. மலிவான ஸ்லீவ் பேரிங் விசிறிகளில் எண்ணெய் வற்றும்போது இப்படித்தான் கத்தும். நடுவிலிருந்த ஒட்டுத்தாளை உரித்து, தையல் இயந்திர எண்ணெயை ஒரு சொட்டு விட்டேன். நான்கு மாதம் அமைதியாக இருந்தது, பிறகு மீண்டும் கத்தியது. ஃபுளூயிட் டைனமிக் பேரிங் கொண்ட விசிறி ஒன்றை வாங்கி மாற்றினேன். அந்தப் புதிய விசிறியோ 1000 ஆர்பிஎம்மை ஒட்டி மட்டும் ஊம்மென்று முனகியது. கேபினெட் தகடும் அதுவும் ஒத்து அதிரும் வேகம் அது. திருகுகளுக்குப் பதிலாக ரப்பர் ஆணிகளைப் போட்டேன். வளைவிலும் அந்த வேகத்தில் நிலைத்து நிற்காமல் 900க்குக் கீழோ 1100க்கு மேலோ இருக்குமாறு அமைத்தேன். அதன்பின் முனகல் இல்லை.

இப்போது எஞ்சியிருப்பது எஸ்எம்பிஎஸ்ஸின் விசிறி. அதன் வேகத்தை வெளியிலிருந்து கட்டுப்படுத்த வழியில்லை. மின்சாரம் துண்டித்த பிறகும் உள்ளே மின்தேக்கிகளில் ஆபத்தான மின்னழுத்தம் தேங்கியிருக்கும் என்பதால் அதைத் திறந்து விசிறி மாற்றவும் துணியமாட்டேன். உத்தரவாதக் காலம் முடிந்ததும், குறைந்த சுமையில் விசிறி நிற்கும் வகை ஒன்றை வாங்க எண்ணியிருக்கிறேன். கடந்த மார்கழியில் எடுத்த ஒரு நிமிடப் பதிவை 2021ஆம் ஆண்டின் முதல் பதிவோடு அதே மாணவருக்கு அனுப்பினேன். அவர் இப்போது ஆசிரியராக இருக்கிறார். இரண்டாவது பதிவில் நாற்பதாவது நொடிக்கு அருகே தெருநாய் ஒன்று வெகுதொலைவில் குரைப்பதும், அடுத்த அறையில் தண்ணீர்க் குழாய் சொட்டுவதும் கேட்கிறது என்று பதில் எழுதினார். குழாயைச் சரிசெய்துவிட்டேன்.